கரு கூடினால் மழை கூடிவிடாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

நகரக் காற்று மாசு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘காற்றில் தூசு பெருகினால் மேகத்துக்குக் கரு பெருகும், மழையும் பெருகும்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நீராவி ஒட்டித் துளியாக வளர இடம் தரும் துகளே கரு என்பதால், முதல் பாதி சரி. அடுத்த பாதி பல மேகங்களுக்குத் தலைகீழ்.

துகளே இல்லாத காற்றில் ஈரப்பதம் பல நூறு சதவீதம் ஏறினால்தான் துளி பிறக்கும். உப்புத் துகளோ, கந்தகப் புகையில் உண்டாகும் சல்பேட் துகளோ கிடைத்துவிட்டால் 100-ஐச் சற்றே தாண்டினால் போதும். கடல்மேல் வரும் சுத்தமான காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கருக்கள் இருக்கும். மாசுபட்ட நகரக் காற்றில் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் மேகத்தில் இருக்கும் தண்ணீர் அதேதான். நூறு பேருக்கு வடித்த சோற்றை ஆயிரம் பேருக்குப் பரிமாறும் கதை. கரு 10 மடங்கானால் 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள துளி 4.6 மைக்ரானுக்கு இறங்கிவிடும்.

ஒரு மழைத்துளி உருவாகச் சுமார் 10 லட்சம் மேகத்துளிகள் மோதி ஒட்ட வேண்டும். எல்லாம் ஒரே அளவுப் பொடியாக மிதந்தால் மோதாது. காற்றோடு வளைந்து ஒன்றையொன்று விலகிப் போய்விடும். துளியின் ஆரம் ஏறக்குறைய 14 மைக்ரானை எட்டிய பிறகே மழை பிடிக்கிறது என்பது செயற்கைக்கோள் ஆய்வுகளில் தெரிந்த கணக்கு. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய கைபெக்ஸ் திட்டத்தில் விமானத்தை மேகத்துக்குள்ளேயே ஓட்டி அளந்தார்கள். கரு கூடக் கூட, மழை தொடங்க மேகம் இன்னும் உயரமாக வளர வேண்டியிருந்தது. வளர வழியில்லாத குட்டை மேகம் பெய்யாமலே கரைந்துபோகும். மலைச்சரிவில் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய மேகங்களுக்கு இதில் அடி அதிகம்.

(போகியன்று விடியற்காலையில் சென்னை விமான நிலையம் தடுமாறுவதும் இதே கணக்குதான். பனிமூட்டம் தரையில் கிடக்கும் மேகம்; டயர் புகை கருவை அள்ளிக் கொட்டுகிறது; பொடித்துளி பெருகப் பெருகப் பார்வை தூரம் சுருங்குகிறது.)

இடிமேகத்தின் கதை வேறு. கீழே பெய்யாத பொடித்துளிகள் 5 கிலோமீட்டருக்கு மேலே ஏறி உறைகின்றன. உறையும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளும். மழை தாமதமாக, வேறோர் இடத்தில், வெறியோடு கொட்டலாம். இந்தக் கூடுதல் வேகம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. நகரத்துச் சூடும் காற்றை மேலே தள்ளும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. 1971 முதல் 1975 வரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த மெட்ரோமெக்ஸ் ஆய்வில், காற்று நகரைக் கடந்து போகும் பக்கத்தில் கோடைமழை கூடியிருந்தது. அதில் துகளின் பங்கு எது, கான்கிரீட் சூட்டின் பங்கு எது என்று பிரிப்பது இன்றும் எளிதல்ல.

மாசையும் மழையையும் ஒப்பிட்ட உங்கள் அட்டவணையில்தான் எனக்கு முக்கியமான குறை. அதில் உள்ள பி.எம். 2.5 என்பது, 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் விட்டமுள்ள துகள்களின் எடை. மேகத்துக்கு வேண்டியது எண்ணிக்கை. 2.5 மைக்ரான் விட்டமுள்ள ஒரே துகளின் எடையில், 0.1 மைக்ரான் துகள்கள் 15,625 அடங்கும். கருக்களில் பெரும்பங்கு இந்தப் பொடிகளே. எடை பாதியாகக் குறைந்த நாளிலும் கரு கூடியிருக்கலாம். புதிதாகக் கிளம்பிய டீசல் கரி தண்ணீரோடு ஒட்டாது என்பதால், கரு ஆவதற்கு முன் சல்பேட் பூச்சு ஏற வேண்டும். அதுவும் எடையில் தெரியாது.

மழை நாளில் மாசு குறைவு என்று பார்த்துவிட்டு, உங்கள் முதல் வரிக்கே முரணாக, மாசு குறைந்ததால் மழை வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காற்றைக் கழுவியதே மழைதான். மழைக்கு முன் ஈரக்காற்றில் துகள் நீர் குடித்துப் பருக்கும். ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் மலிவுக் கருவிகள் அப்போது கூட்டிக் காட்டும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்கின்றன: மழைக்கு முன் மாசு கூடுதல், மழை நாளில் குறைவு என்று.

2025 அக்டோபரில் டெல்லி அரசும் ஐஐடி கான்பூரும் செய்த மேக விதைப்பை (மழை வரவழைக்க மேகத்தில் துகள் தூவுவதை) நீங்கள் உதாரணமாகக் காட்டியதும் பொருந்தவில்லை. அங்கே சொல்லும்படியான மழை வராததற்குக் காரணம் மேகத்தில் ஈரம் போதாமை. டெல்லியில் கருவுக்கா பஞ்சம்?

அடுத்த முறை அட்டவணை போடும்போது, மழைக்கு முந்தைய நாள் அளவு, காற்றின் திசை, ஈரப்பதம் மூன்றையும் பக்கத்தில் போடுங்கள்.

– ஒரு வாசகர், தாம்பரம்