இழுப்பும் வம்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்துமா பரம்பரையாக வருமா என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘வரும்’ என்று மட்டும் பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதிலால் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைக்கிறவர்கள். என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, யார் கண்ணிலும் படக்கூடாது என்று அம்மா அவளுடைய இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை வேறு. காபித் தட்டோடு நின்றவளுக்கு மூச்சு முட்டி, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. நான் அரிசியைத் துழாவி எடுத்தால், மூடியில்லாத இன்ஹேலரின் வாயில் இரண்டு அரிசி சிக்கியிருக்கிறது. அதை ஊதித் தட்டிக் கொடுப்பதற்குள் அவள் உதடு கறுத்துவிட்டது. ‘வம்சத்துலயே இழுப்பு இருக்கு’ என்று சொல்லி வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

வம்சத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். இரண்டு பேருக்கும் இருந்தால் இன்னும் கூடும். எல்லோரும் அம்மா வழியைத்தான் துருவினார்கள். அப்பாவுக்குத் தோலில் கரப்பான் என்கிற அரிப்பு உண்டு, விடிந்தால் அடுக்குத் தும்மல். ஒவ்வாமை உடம்பு அந்த வழியாகவும் வரலாம். அதை டாக்டரிடம்கூட நாங்கள் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தெரியவும் தெரியாது.

ஆனால் ஒரே ஒரு மரபணுவால் வருகிற நோய் இல்லை இது. 2007-இல், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 17-ஆவதில், சிறுவயது ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் தெரியும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் கூட்டும். அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டைப் பிள்ளைகளிலேயே சில சமயம் ஒன்றுக்கு இழுப்பு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். மூதாதையர் வழி ஏறக்குறைய ஒன்றுதான். ஆமிஷ் பிள்ளைகள் வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்தில் புழங்கி வளர்கிறார்கள். ஹட்டரைட் பிள்ளைகளிடம் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அவர்களிடம் ஆஸ்துமா என்று 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அதற்காக எல்லாத் தூசியும் நல்லது என்று ஆகிவிடாது. புகையிலைத் தூள் பறக்கும் சொளவுக்குப் பக்கத்திலேயே கைப்பிள்ளையைப் படுக்கப் போடுகிறோம். நானும் என் மகனை அப்படித்தான் போட்டேன். வம்சத்தை மாற்ற முடியாது, பிள்ளையைக் காற்றோட்டமாகத் தள்ளிப் படுக்க வைத்திருக்கலாமே!

அடுத்த இதழிலாவது, நெஞ்சு டாக்டர் ஒருவரைக் கேட்டு அந்தப் பதிலை விரிவாகப் போடுங்கள். தங்கைக்கு இப்போது வேறொரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை இழுப்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.