அங்கோருக்குச் சைக்கிளில் போகலாம், சித்திரையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கான கம்போடியச் சுற்றுலா விளம்பரங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்ணில் படுகின்றன. அங்கோர் கோயில்களையும் சுற்றியுள்ள கிராமங்களையும் வழிகாட்டியோடு சைக்கிளில் பார்க்கும் பயணமும் அவற்றில் உண்டு. அந்த இடத்தைப் பார்க்கச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் போகவே கூடாது. முன்பணம் கட்டப் போகும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அங்கோரை ஒட்டிய, பயணிகள் தங்கும் ஊரான சியம் ரீப்பில் ஆண்டிலேயே வெயில் கடுமையாக இருப்பது ஏப்ரலில்தான். கத்திரி வெயில் பார்த்த நமக்கு இது ஒரு பொருட்டா என்று நினைக்க வேண்டாம். அங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராததால் உடம்பு குளிராது. போதாததற்குச் சித்திரைப் பிறப்பு அவர்களுக்கும் ஆண்டுப் பிறப்பு, ஊர் முழுக்க உள்ளூர்க் கூட்டம். மே முதல் அக்டோபர் வரை மழை; கடைசி இரண்டு மாதங்களில் மண்பாதைகள் சேறாகிவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

சைக்கிள் ஏன் என்றால், நிலம் சமதளம், கோயில்களுக்கு இடையே தூரம் குறைவு, சாலைகளில் பெரும்பகுதி மர நிழல். அங்கோர் வாட் கோயிலின் அகழி மட்டுமே சுமார் 190 மீட்டர் அகலம். அங்கோர் தோம் என்ற பழைய நகரின் மதில் ஒவ்வொரு பக்கமும் 3 கி.மீ. நடந்தால் கால் ஓய்ந்துவிடும், வேனில் போனால் அந்த அளவு மனத்தில் பதியாது. அங்கோர் தோம் மதிலுக்கு உட்புறம் அணைத்துக் கட்டிய மண்கரையின் மேல் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. தெற்கு வாயிலில் ஏறினால் ஒரு பக்கம் அகழி, மறுபக்கம் காடு. வேனில் வருபவர்களுக்கு இது கிடைக்காது. மழை பெய்த மறுநாள் மட்டும் அதில் ஏற வேண்டாம், வேர்கள் வழுக்கும்.

கோயில்களைச் சுற்றிவர வழக்கமான பாதைகள் இரண்டு: சிறிய சுற்று 17 கி.மீ., பெரிய சுற்று 26 கி.மீ. சியம் ரீப் ஊரிலிருந்து அங்கோர் வாட் வரை போக 6 கி.மீ., வர 6 கி.மீ. தனி. இரண்டு சுற்றையும் ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்லும் திட்டத்தை ஏற்க வேண்டாம். மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டாலர், ஒரு நாள் சீட்டு 37 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். எனவே ஒரு நாள் ஓட்டி, ஒரு நாள் ஓய்வெடுத்து மறுபடி ஓட்டுவதே சரி. சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது, அதற்கென்று உள்ள அலுவலகத்தில் புகைப்படம் எடுத்துத் தருவார்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். பயண நிறுவனத்தார் சொல்லும் தொகையில் இந்தச் சீட்டும் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2023இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து வெகு தூரம்; இறங்கிய நாளிலேயே சைக்கிள் ஓட்டும் திட்டம் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பயணம் கெடுவது பெரும்பாலும் இதில்தான். நம்மூர்ச் சைக்கிளில் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கு. வெளிநாட்டு வண்டிகள் பலவற்றில் அது இடக்கைக்கு இருக்கும். கிளம்புமுன் வண்டியைத் தள்ளிக்கொண்டே இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். மணலில் தெரியாமல் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் புதைந்து ஆள் விழுவார். இருக்கையைத் தாழ்வாக வைத்துக்கொள்வது நம்மவர் பழக்கம், 20 கி.மீ. தாண்டினால் முட்டி வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுவே சரியான உயரம்.

கிராமப் பாதைகள் செம்மண்ணும் மணலும். 2 அங்குல அகல டயர் கேளுங்கள். காற்றைக் கல்லாக அடைத்தால் மணலில் வண்டி அலையும், மிகவும் குறைத்தால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கி இரண்டு ஓட்டை போடும். நடுத்தர எடை உள்ளவருக்கு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். மணல் வருவதைக் கண்டதும், அதற்குள் நுழையுமுன்பே கியரைக் குறைத்து, உடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, கைப்பிடியை இறுக்காமல், பெடலை நிறுத்தாமல் மிதிக்க வேண்டும்.

அங்கே போக்குவரத்து வலப்பக்கம். கூட்டமான சாலையில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு வெறிச்சோடிய சாலையில் ஏறும் முதல் நூறு மீட்டரில்தான் பழக்கம் இடப்பக்கம் இழுக்கும். குழுவின் முன்னால் ஒரு வழிகாட்டியும் கடைசியில் ஓர் ஆளும் வருகிறார்களா, தண்ணீரோடு வண்டி ஒன்று தொடர்கிறதா என்று கேளுங்கள். சைக்கிள் வழிகாட்டி எல்லோருக்கும் கோயிலுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் இருக்காது. உரிமம் உள்ளவர் தனியே வருவாரா என்பதும் தெரிய வேண்டும்.

சூரிய உதயத்துக்கு அங்கோர் வாட் 5 மணிக்குத் திறக்கும். இருட்டில் ஓட்ட வேண்டியிருப்பதால் முன்னும் பின்னும் விளக்கு அவசியம். உதயம் முடிந்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி காலை உணவுக்குத் திரும்பிவிடும். உள்ளே போக அதுவே நேரம். மேற்குப் பிராகாரத்தில் இராமாயணத்து இலங்கைப் போரும் குருச்சேத்திரமும், கிழக்கில் 49 மீட்டர் நீளத்தில் பாற்கடல் கடைதலும் செதுக்கப்பட்டுள்ளன. தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். சைக்கிள் ஓட்டும் அரைக்கால்சட்டையோடு மேல்தளத்துக்கு விடமாட்டார்கள்.

பந்தியாய் ஸ்ரேய் 967இல் எழுந்த செம்மணற்கல் சிவன் கோயில். ஊரிலிருந்து 30 கி.மீ.க்கு மேல். போகும்போது சைக்கிளை வண்டியில் ஏற்றிச் சென்று, கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திரும்பும்போது மிதித்து வருவது நல்லது. அங்கே ஆடும் சிவனின் காலடியில் வற்றிய உடலோடு அமர்ந்திருக்கும் பெண் உருவத்தைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். தமிழர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. வழியில் பிரியா டாக் கிராமத்தில் சாலையோரம் பதநீர் காய்ச்சிப் பனைவெல்லம் எடுக்கிறார்கள். அங்கேயே விற்கும் அரிசி நூடுல்ஸின் குழம்பு மீனில் செய்தது. சைவக்காரர்கள் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும், பெரும்பாலும் சேர்ப்பார்கள்.

திட்டத்தில் ரொலுவோஸ் பகுதிக் கோயில்கள் இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 13 கி.மீ., அதே சீட்டு செல்லும். லாரிகள் ஓடும் ஆறாம் எண் நெடுஞ்சாலையை விட்டு வயல்பாதையில் கூட்டிப்போக வேண்டும் என்பதே இங்கு நிபந்தனை. அங்கே 879இல் குடமுழுக்குக் கண்ட பிரியா கோ கோயிலின் செங்கல் கோபுரங்களில் பழைய சுண்ணாம்புச் சாந்து வேலை இன்னும் ஒட்டியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவரின் அருமை தெரிந்த செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதன்முன் அரை மணி நேரமாவது வேண்டும். அங்குள்ள லோலே கோயில் ஒரு காலத்தில் பெரிய ஏரியின் நடுவே தீவில் இருந்தது. ஏரி வற்றி, இன்று சுற்றிலும் வயல். நம் ஊருணிபோல் தோண்டியதல்ல அது, தரைக்குமேல் நாற்புறமும் கரை கட்டி நீரைத் தேக்கியது.

டாலர் நோட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் வாங்கமாட்டார்கள், புதிய சில்லறை நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். கூடையில் பழமோ தின்பண்டமோ தெரியும்படி வைத்தால் குரங்கு பறிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் வேண்டும். தொலைவான கிராமங்களில் பழைய கண்ணிவெடி அபாயம் முழுதும் நீங்கவில்லை. மிதிபட்ட பாதையை விட்டு எதற்காகவும் இறங்கக் கூடாது.

பதிவு செய்யுமுன் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்பிப் பாருங்கள். ஏறக்குறைய 25 கி.மீ., ஊரிலிருந்து சிறிய சுற்றை முடித்துத் திரும்புவதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நாள் ஓட்டினால் போதாது, மறுநாளும் ஓட்ட வேண்டும். உட்காருமிடத்து வலி இரண்டாம் நாள்தான் தெரியவரும். அப்போது முடியாதென்று தோன்றுபவர்களுக்கு அங்கே டுக்-டுக் வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லலாம். குழு சைக்கிளில் போக, அவர்கள் அதில் பின்தொடரலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோட்டையூர்.