குழந்தை பார்ப்பவருக்கான பயிற்சி வீட்டுக்குள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் கைக்குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் பேரனைப் பகலில் பார்த்துக்கொண்ட பெண்மணி அப்படியொரு சான்றிதழ் பெற்றவர். சுத்தத்திலும் நேரந்தவறாமையிலும் அவரிடம் குறை காண முடியாது. எட்டு மாதக் குழந்தை நாலு வாய் வாங்கியபின் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கரண்டி அந்தப் பக்கம் போகும். மறுபக்கம் திருப்பினால் அங்கும் வந்து நிற்கும். கிண்ணம் காலியாக வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 'போதும்' என்று குழந்தை சொல்வது அப்படித்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. (நானும் என் பிள்ளைகளுக்கு அவ்வாறே ஊட்டியவள்தான், அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.)

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் நடத்திய சோதனை ஒன்றில், குழந்தையுடன் கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இரண்டொரு நிமிடம் அமர்ந்திருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், பிறகு பார்வையை விலக்கிக்கொண்டு வாடிவிடும். ஒரு கையில் கைபேசியும் மறுகையில் டயப்பருமாகத் துணி மாற்றுகிறவரின் முகமும் குழந்தைக்கு ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன். வளர்ச்சிக்கென்று விலையுயர்ந்த பொம்மைகளோ தனி நேரமோ தேவையில்லை. குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் அதன் மழலைக்குப் பதில் சொல்லி, மறுபடி அது பேசும்வரை காத்திருக்கத் தெரிந்தால் பேச்சும் மனமும் சேர்ந்தே வளரும்.

உடல் வளர்ச்சிக்கான விதிகள் எளியவை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இன்னும் தவழாத குழந்தை விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம். தூங்கவைக்கும்போது மட்டும் மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும். இவற்றை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். குழந்தையின் குறிப்பறிவதைத் தாளில் கொடுக்க முடியாது.

ஜமைக்காவில் 1986-87-இல் தொடங்கிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் சென்று, கைவசமுள்ள பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு தாயும் சேயும் விளையாடப் பழக்கினர். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அக்குழந்தைகளின் வருமானம் அந்த உதவி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வீடு தேடிப் போனதும், திரும்பத் திரும்பப் போனதுமே அதன் பலம் என்பது என் எண்ணம்.

ஆகவே பயிற்சி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பை ஒரு நாளோடு முடித்துக்கொண்டாலும் சரி, சான்றிதழில் கையெழுத்திடும் முன், பயிற்சி பெற்றவர் குழந்தைக்கு ஊட்டுவதைப் பாயில் பக்கத்தில் அமர்ந்து ஒரு வேளையாவது பாருங்கள். அடுத்த மாதம் மறுபடியும் ஒரு முறை போய் வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி