கல்லறைத் தோட்டத்தின் வாசலில் தீர்ப்பு வேண்டாம்
மதிப்பிற்குரிய பங்குத்தந்தையர்களுக்கும் ஆயர்களுக்கும் பாஸ்டர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும், தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு சாதாரண விசுவாசி எழுதிக்கொள்வது.

எங்கள் பக்கத்து ஊரில், சபை மாறிப்போன ஒரு பெரியவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய அப்பா, அம்மா, மனைவி எல்லோரும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். உடம்பு ஐஸ் பெட்டியில் கிடக்க, பூட்டிய கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு தெளிப்பு ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா என்று வசனம் வசனமாக எடுத்து வீசினார்கள். பொழுது சாய்ந்த பிறகு பஞ்சாயத்துத் தலைவர் வந்து பேசித்தான் கேட் திறந்தது. அவர் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தாவும்கூட.

ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் கையில் 'விக்கிரகாராதனைக்காரருக்கு நரகம்' என்று துண்டுப்பிரசுரம் திணிக்கிறவர்களும் நம் ஆட்கள்தான். ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்களை 'அல்லேலூயா கோஷ்டி' என்று கேலி பேசுகிறவர்களும் நம் ஆட்கள்தான். தாலியைக் கழற்றாதவள் ரட்சிக்கப்படவில்லை என்று மைக்கில் சொல்லும்போது, அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கருத்து வேறுபாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் அது பழைய சங்கதி. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர், மார்ட்டின் லுத்தர் வழிவந்த சீர்திருத்தச் சபைக்காரர்களான தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்றெல்லாம் எழுதினார். காரம் குறைவில்லாத எழுத்து. அவரும் சாந்த சொரூபி இல்லை. ஆனால் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் எங்கே அச்சானது தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில்! தங்களைத் திட்டியவரின் புத்தகத்துக்கு அவர்கள் எழுத்துக் கோத்தார்கள், மை தடவினார்கள், தாள் கொடுத்தார்கள். உபதேசத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கி வரவில்லை. அவர் தமிழ் தெரிந்தவர் என்பதையும் மறுக்கவில்லை. அந்த அச்சுக்கூடமே இன்னொரு சபைக்காரர்களான இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சங்கத்தின் உதவியால் வந்ததுதான்.

பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தை நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். அங்கே பவுல் தன் கருத்தை ஒளித்துவைக்கவில்லை. எந்த உணவும் தன்னிலே தீட்டானதல்ல என்று சொல்கிற அவரேதான், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவனை அற்பமாக எண்ணாதே என்கிறார். மற்றொருவனுடைய வேலைக்காரனைத் தீர்க்க நீ யார் என்றும் கேட்கிறார். அந்த வேலைக்காரனுக்கு எஜமான் வேறொருவர் இருக்கிறார். அந்த நாற்காலியில் போய் நாம் ஏன் உட்கார வேண்டும்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் வட்டாரத்துப் போதகர்கள் எல்லோரும் ஒருமுறை கூடுங்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி வாதாடுவதென்றால் அங்கே வாதாடிக்கொள்ளுங்கள், விடிய விடிய ஆனாலும் சரி. ஒருவர் மேல் குறை இருந்தால் மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் அவரிடமே தனியாகப் போய்ப் பேசுங்கள், மைக்கில் வேண்டாம். சாவு விழுந்த வீட்டில் எந்தச் சபை என்று கேட்காமல் கல்லறைச் சாவியைக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளை ஞாயிறு ஆராதனையிலும் பூசையிலும் வாசித்துவிட்டால் எங்களுக்குப் போதும்.