பேய்ப்பட டிரெய்லரில் முதலில் பேயை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் இளைஞர் இணைப்பில், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் சிலர் தங்கள் ஹாஸ்டலிலேயே எடுத்த பேய்ப்பட டிரெய்லரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். ‘ஹாலிவுட் தரம்’ என்று தலைப்பு வேறு. பிள்ளைகளைப் பாராட்டினது நல்ல விஷயம்தான், ஆனால் ஹாலிவுட் தரம் என்று பேப்பரிலேயே போட்டுவிட்டால் அவர்கள் அதில் மறுபடி கை வைக்க மாட்டார்கள், அப்படியே அடுத்த போட்டிக்கும் அனுப்பிவிடுவார்கள். நான் சினிமாவில் சத்தம் வெட்டி ஒட்டுகிற வேலை பார்க்கிறவன். அந்த டிரெய்லரைத் தேடிப் பிடித்து ஹெட்போனிலும் கேட்டேன், செல்போன் ஸ்பீக்கரிலும் கேட்டேன். அதில் எட்டு விநாடி பிரமாதம். மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த எட்டு விநாடியைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டல் குளியலறை. குழாய்க்குக் கீழே நீல பிளாஸ்டிக் பக்கெட், தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது, ஆள் யாரும் இல்லை. பக்கெட் நிரம்பி வழியப் போகிற நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோகிறது. குழாயை யார் மூடினார்கள் என்று நாம் யோசிப்பதற்குள் கட். இதை யோசித்தவர் பையனோ பெண்ணோ தெரியவில்லை, யாராக இருந்தாலும் தாராளமாகத் தொழிலுக்கு வரலாம். ஆனால் அந்த ஷாட்டுக்கு அடியில் எங்கிருந்தோ இறக்கிய வயலின் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே இருப்பதால் தண்ணீர் நின்றதே பாதிப் பேருக்குக் காதில் விழாது. அதுவும் இது வருவது டிரெய்லர் ஓடி ஒன்றே முக்கால் நிமிடம் ஆன பிறகு, அதற்குள் பேயின் முகத்தை நாலு தடவை காட்டியாயிற்று, ஒரு தடவை ஸ்லோ மோஷனில்.

பேயைப் பார்த்துவிட்ட ஆளுக்கு அப்புறம் பக்கெட்டைப் பார்த்து என்ன பயம் வரப்போகிறது?

1980-ல் வந்த ‘தி ஷைனிங்’ படத்தின் டிரெய்லரை மாணவர்கள் யூடியூபில் பார்க்கட்டும். கேமரா நகரவே நகராது. ஒரு ஹோட்டல் தாழ்வாரம், லிஃப்ட் கதவுகள், மேலே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும், கடைசியில் கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகக் கொட்டும். அவ்வளவுதான் டிரெய்லரே. ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்று ஒரு படம், இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்தது. 2009-ல் அதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது வெட்டிய டிரெய்லரில் பாதி நேரம் படத்தையே காட்டவில்லை, இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிற ஜனங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு துள்ளுவதைத்தான் காட்டினார்கள். காசு இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் என்ன வேண்டும்? நம் ஊரிலும், தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் முதல் படமாக ‘பீட்சா’ எடுத்தபோது, ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட், மாட்டிக்கொண்ட ஒருத்தன் இவ்வளவை வைத்தே எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பாருங்கள்.

ஆகவே என் முதல் யோசனை, பேய் முகத்தை மொத்தமாக எடுத்துவிடுவது. கடைசியில் ஒரு தடவையாவது காட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டாம், அது படத்துக்கு இருக்கட்டும். பக்கெட் ஷாட்டை முதலில் கொண்டுவந்து, அந்தக் குழாய் யார் கையில் நின்றது என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, 2 நிமிடம் 40 விநாடியை ஒரு நிமிடம் பத்து விநாடிக்குள் அடக்கினால் போதும். தொடக்கத்தில் கல்லூரிச் சின்னம், தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், நன்றி, நல்லாசி என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி ஓடுகிற அட்டைகளைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். தாளாளர் கோபித்துக்கொண்டால் அது வேறு விஷயம்.

சத்தத்துக்கு வருகிறேன், என் வயிற்றுப்பாடு அதுதான். இவர்கள் ஆரம்பம் முதல் கடைசி வரை ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, போட்டு நிரப்பியிருக்கிறார்கள், நடுவே அரை விநாடி கூட அமைதி இல்லை. எல்லாமே உச்சத்தில் இருந்தால் திடுக்கிட வைக்க இடமே கிடைக்காது, போதாததற்கு அளவுக்கு மீறி ஏற்றின சத்தத்தை யூடியூபே ஒரு மட்டத்துக்கு இறக்கிவிடும், அப்போது அலறலும் மூச்சும் ஒரே அளவில்தான் கேட்கும். இன்னொன்று, ஹெட்போனில் கேட்டால் கீழே ஒரு உறுமல் இருக்கிறது, 40 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். செல்போன் ஸ்பீக்கரில் அது சுத்தமாக இல்லை. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு கீழ்ச் சுருதியைத் தள்ளவே முடியாது. இதைப் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் செல்போனில்தான் பார்க்கப்போகிறார்கள், அவர்களுக்குப் பயம் காட்ட வேண்டுமென்றால் கொஞ்சம் மேல் சுருதியில் இருக்கிற சத்தங்கள் வேண்டும்: தாழ்ப்பாள் உரசுவது, தரையில் பக்கெட் இழுபடுவது, நகம் சுவரில் கீறுவது, கொடிக்கயிறு கிறீச்சிடுவது. இதெல்லாம் எந்த வெப்சைட்டிலும் இறக்க வேண்டியதில்லை, ஹாஸ்டலிலேயே இருக்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், கூடவே அந்த அறையில் யாரும் பேசாமல் வெறும் அமைதியை ஒரு அரை நிமிடமாவது பதிவு செய்ய வேண்டும். அந்த வெறும் அமைதிதான் எடிட்டிங்கில் தங்கம். அது இல்லாமல் ஆர்.ஆரை நிறுத்தினால் படம் செத்த மாதிரி கேட்கும், அதற்குப் பயந்துதான் மாணவர்கள் நிறுத்தாமல் மியூசிக் ஓட்டுகிறார்கள்.

அந்த வயலின், நடுவில் வரும் ஒரு பெண்ணின் அலறல் இரண்டும் வேறு யாரோ செய்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். உரிமைப் பிரச்சினை வந்தால் வீடியோவையே தூக்கிவிடுவார்கள். வகுப்பில் சத்தமாகக் கத்தத் தெரிந்த ஒருவர் கூடவா இல்லை?

படம் பிடித்திருக்கிற விதத்தில் பெரிய குறை இருட்டுதான். ராத்திரியில் லைட் இல்லாமல் செல்போனில் எடுத்தால் கேமரா ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை வாங்குகிற உணர்திறனை, ஏற்றி ஏற்றிப் படம் முழுக்கப் புள்ளி விழும், அப்லோடு செய்த பிறகு கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். வராந்தா ஷாட்டில் டியூப்லைட் கோடு கோடாக ஓடுவதைச் சிலர் பேயின் வேலை என்று நினைத்திருக்கலாம். அது மின்சாரத்தின் வேலை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும், செல்போன் கேமராவில் நாமே அளவு வைக்கிற புரோ மோடு திறந்து ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தால் கோடு போய்விடும்.

ஆனால் என்னைக் கேட்டால் ராத்திரியையே விட்டுவிடலாம். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? நம் கிராமங்களில் ‘உச்சி வேளையில் கிணத்தடிக்குப் போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே’ என்றுதானே பெரியவர்கள் அதட்டினார்கள். கறிக்குழம்பைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினால் பேய்க்குப் பயந்து மேலே ஒரு கரித்துண்டு போட்டு அனுப்புகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இப்படி ஒரு பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு, 1998-ல் ஜப்பானிய ‘ரிங்கு’ படத்தில் டிவியிலிருந்து ஊர்ந்து வந்த பெண்ணையே இன்னமும் தலைமுடியை முன்னால் போட்டு வராந்தாவில் ஊர்ந்து வர வைக்கிறோம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகு ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று அங்கே தங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும். கொடியில் துணி அசையும், எங்கோ ஒரு கதவு காற்றில் அடிக்கும், மெஸ்ஸில் யாரோ பாத்திரம் உருட்டுவார்கள். உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே விழுவதால் முகத்தில் கண் இருக்கிற இடம் இரண்டும் கருநிழல் விழுந்து குழிபோல் ஆகிவிடும், சாதாரணமாகக் கேமராமேன்கள் அந்த நேரத்தில் குளோசப் எடுக்கத் தயங்குவதே அதனால்தான், பேய்ப்படத்துக்கு அதுவே ஓசியில் கிடைத்த மேக்கப். வெளிச்சம் தாராளமாக இருப்பதால் செல்போனிலேயே படம் சுத்தமாகவும் வரும். அந்தப் பக்கெட் ஷாட்டும் பகலில்தான் எடுத்திருக்கிறார்கள், ஜன்னல் வெயில் தண்ணீரில் தெரிகிறது, அது நன்றாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. ‘இரவு 12 மனிக்கு’ என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், பயந்துகொண்டிருப்பவனும் சிரித்துவிடுவான், தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். ரத்தம் சொட்டுகிற எழுத்துரு வேண்டாம், சாதாரண வெள்ளை எழுத்தே போதும். ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டால் என்ன சம்பவம் என்று நாலு பேர் கேட்பார்கள், பதில் இருந்தால் போடட்டும்.

இணைப்பில் இடம் இருந்தால், திருத்தி வெட்டிய டிரெய்லரைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள், இந்தத் தடவை ஹாலிவுட்டை விட்டுவிட்டு எந்த ஷாட் நன்றாக இருந்தது என்று எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் உதவும். அப்புறம், வீடியோவின் தம்ப்னெயிலிலேயே பேய் முகத்தைப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எடிட்டிங்கெல்லாம் அடுத்த வாரம் செய்யட்டும், அதை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சவுண்ட் எடிட்டர்,
சாலிகிராமம், சென்னை.