'முடியுமா?' என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரங்கூனில் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் 19 வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த புது மேலாளர், தையல் பெண்களிடம் "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டார். எல்லாரும் 'யாபாதே' என்றார்கள். பர்மிய மொழியில் 'சரி, ஆகும்' என்று அர்த்தம். ஆகவில்லை. பொய் சொல்லிவிட்டார்கள் என்று கத்தினார்.

பொய் இல்லை. அது 'ஆனாதே'. எதிரில் நிற்பவருக்குச் சங்கடம் தரக்கூடாதே என்கிற தயக்கம். நம் 'கூச்சம்' என்ற சொல்லில் அதில் பாதிதான் அடங்கும். எனக்கே இது பிடிபட இரண்டு வருடமானது, இத்தனைக்கும் நான் இங்கேயே பிறந்தவன்! இப்போது நான் "எத்தனை உருப்படி பாக்கி?" என்றுதான் கேட்கிறேன். சரியான கணக்கு வருகிறது.

அப்புறம், அந்த மேலாளர் மூத்த பெண்ணை, மரியாதைக்காகப் பெயருக்கு முன்னால் சொல்லும் 'டோ' சேர்க்காமல் வெறும் பெயர் சொல்லி அழைத்தார். இளைஞன் ஒருவனைப் பாராட்டத் தலையில் தட்டினார். இங்கே தலை தொடக்கூடாத இடம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே அரை நாள் வகுப்பு வையுங்கள் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நடத்த நிபுணர் வேண்டாம், பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் போதும். அந்த அரை நாளுக்கு அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். அவராக வாய்திறந்து கேட்கமாட்டார்.

— ஒரு வாசகர், ரங்கூன்