பழைய மவுன்டன் பைக்கை எடைக்குப் போடுவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய கியர் சைக்கிளை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் அது பிள்ளைக்குப் பள்ளிக்கூட நாளில் வாங்கிக் கொடுத்த மவுன்டன் பைக். பிள்ளை படித்து முடித்து வெளியூர் போய்விட, சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் காற்றிறங்கி நிற்கிறது. போடாதீர்கள் என்பதுதான் எங்கள் பதில். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் சொகுசாகப் போய்வரும் சைக்கிளாக அதை மாற்றிவிடலாம். அதற்கு எந்த வேலைக்குப் பணம் கொடுப்பது தகும், எதற்குத் தகாது என்பதை இந்த மடலில் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் பார்ப்பது ஃபிரேம். பழைய மவுன்டன் பைக்குகளில் பல இரும்புக் குழாயில் செய்தவை. கனம்தான், ஆனால் உறுதியானவை. கரடுமுரடான பாதைக்காக இரண்டு சக்கரங்களுக்கும் இடையே தூரம் கூடுதலாக விட்டுச் செய்திருப்பார்கள். அதனால் கேரியரில் பத்து கிலோ அரிசிப் பையை வைத்தாலும் முன்சக்கரம் அலைபாயாது. தடித்த டயருக்காக, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் விட்ட இடைவெளியில் மட்கார்டு தாராளமாக உட்காரும்.

ஃபிரேமில் இரண்டு இடங்களைச் சோதிக்காமல் நாங்கள் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. ஹேண்டில்பார் இறங்கும் முன்குழாயோடு, பெடல் பக்கம் சரிந்துவரும் குழாய் சேருமிடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்போம். பெயின்ட் அங்கே வரிவரியாகச் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. குழாய் உள்ளுக்குள் மடங்கியிருக்கிறது. அடுத்தது, பெடல் அச்சு ஓடும் கூடு. சீட் கம்பி வழியாக இறங்கும் மழைநீர் அங்கேதான் போய்த் தேங்கும். அச்சைக் கழற்றிக் கூட்டின் உட்சுவரை ஸ்குரூடிரைவர் முனையால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு செதில் செதிலாக உதிரும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் எடைக்குப் போடுங்கள் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

ஃபிரேம் தேறிவிட்டால் அடுத்து டயர். ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை டயருக்குக் கொடுங்கள். கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் சேற்றிலும் மண்ணிலும் பிடித்துப் போவதற்கானது. தார்ச்சாலையில் அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றும் அமுங்கி, வளைந்து, மறுபடி நிமிர்கின்றன. நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதி இப்படி ரப்பரைப் பிசைவதிலேயே போய்விடுகிறது. ஓட்டும்போது கேட்கும் அந்த ‘உம்ம்’ என்ற இரைச்சலும் அதனால்தான். கட்டை இல்லாத, மெல்லிய கோடுகள் மட்டும் போட்ட டயரை மாட்டினால் தெருமுனை திரும்புவதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மெல்லிய டயர்தான் வேகம் என்று நம்பி, இருப்பதிலேயே ஒல்லியானதைச் சிலர் கேட்கிறார்கள். திருச்சித் தெருக்களின் வேகத்தடைகளுக்கும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளங்களுக்கும் அது ஆகாது. 1.5 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். நாங்கள் விரும்பி மாட்டுவது 1.75. 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த டயரில் பின்னால் 45, முன்னால் 40 பிஎஸ்ஐ காற்று சரியாக இருக்கும். எப்படியானாலும் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவைத் தாண்ட வேண்டாம். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர்கள் விட்டு விட்டு அடியுங்கள். சைக்கிள் டியூப் சிறியது, கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும்.

டயரை நீங்களாகவே வாங்கி வருகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். கடையில் ‘26 இன்ச்’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். மவுன்டன் பைக்குக்குரியது 26 × 1.75 போலப் புள்ளி வைத்து எழுதிய அளவு. லேடீஸ் சைக்கிள்கள் பலவற்றில் வருவது 26 × 1⅜ எனப் பின்னமாக எழுதிய அளவு. இரண்டும் 26 தானே என்று தோன்றும். ஆனால் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் முதலாவதில் 559 மில்லிமீட்டர், இரண்டாவதில் 590. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குச் சேரவே சேராது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 47-559 என்பதுபோல ஓர் எண் இருக்கும். அந்த 559-ஐப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

இனி, உட்காரும் விதம். சென்ற மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மா மகனுடைய சைக்கிளைக் கொண்டுவந்தார். ஓட்டினால் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கின்றன, முழங்காலும் வலிக்கிறது, எனக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது என்றார். வயதில் ஒன்றுமில்லை. நேரான ஹேண்டில்பார் முன்னால் தள்ளியும் தாழ்ந்தும் இருந்ததால் உடம்பின் பாரம் முழுவதும் கையில் விழுந்தது. நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்பதற்காக சீட்டை அடிவரை இறக்கியிருந்தார். அதனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே மிதித்துக்கொண்டிருந்தார்.

ஹேண்டில்பாரை மாற்றி, பின்னோக்கி வளைந்து வரும் வகையைப் போட்டோம். கைப்பிடிப் பகுதியின் குறுக்களவு இரண்டுக்கும் 22.2 மில்லிமீட்டர்தான் என்பதால் பழைய பிரேக் பிடிகளையும் கியர் பிடியையும் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பிடிகள் பின்னால் வருவதால் பிரேக் ஒயர் எட்டாது. புது ஒயரும் அதன் உறையும் நீளமாக வெட்டிப் போட வேண்டும். இந்தச் செலவைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பழைய ஒயரை இழுத்துப் பிடித்து மாட்டினால் ஹேண்டிலைத் திருப்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கும், அதனால்தான் கேட்கிறோம். ஹேண்டிலைத் தாங்கும் கம்பியை மேலே தூக்கும்போது, குறைந்தது இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று காட்ட அதில் வெட்டியிருக்கும் கோடு வெளியே தெரியாதபடி நிறுத்துவோம். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடத் தூக்கித் தர மாட்டோம். வற்புறுத்த வேண்டாம், அது உயிர் சம்பந்தப்பட்டது.

சீட் உயரத்தை நீங்களே வீட்டில் சரிபார்க்கலாம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கடைசிவரை கீழே விட்டு, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதே உயரத்தில் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். வண்டியை நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு அது பழகிவிட்டது. இப்போது சாத்தாரவீதியிலிருந்து காந்தி மார்க்கெட்வரை வந்து காய் வாங்கிப் போகிறார். சீட்டைப் பொறுத்தவரை, கையால் அமுக்கினால் பஞ்சுபோல இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருபது நிமிடத்தில் உடம்பு அதில் புதைந்து, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு அகலமான, அடியில் ஸ்பிரிங் வைத்த, ஓரளவு கெட்டியான சீட்டே நல்லது.

நிமிர்ந்து உட்காருவதில் ஒரு குறையும் உண்டு. ஆடிக் காற்றில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது காற்று முழுவதையும் நெஞ்சு வாங்கும். அப்போது கியர் கைகொடுக்கும்.

கியர் என்றதும் 18 எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு, பெருக்கினால் 18. நம் ஊர் பெரும்பாலும் சமதளம். முன்னால் நடுச்சக்கரம் ஒன்றே போதும். அது 38 பல்லும், பின்னால் ஃப்ரீவீல் எனும் பல்சக்கர அடுக்கு 14 முதல் 28 பல்லும் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று சுற்றினால் கனமான கியரில் சுமார் 5.4 மீட்டர் போகும். இலேசான கியரில் அதில் பாதி. அந்த 5.4 மீட்டர்தான், முன்னால் 44, பின்னால் 18 பல் வைத்த பழைய பெரிய சைக்கிள் தன் ஒரே கியரில் போகும் தூரமும். அதற்கும் கீழே ஐந்து கியர் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, மேம்பாலம் ஏற வேறென்ன வேண்டும்? முன்கியரின் ஒயரையும் பிடியையும் எடுத்துவிட்டு, செயினைத் தள்ளும் தகட்டைத் திருகால் நடுச்சக்கரத்தின் மேல் அசையாமல் நிறுத்திவிடுவோம். செயின் கழன்று விழாமல் அதுவே காவல் காக்கும்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தையல்காரர் டேப் போதும், இரும்பு ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ¹⁄₁₆ அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ⅛ அங்குலம் கூடிவிட்டால் ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையிலும் ஓட்டுவதாக இருந்தால் முன்சக்கரத்துக்காவது அலுமினிய ரிம் போட்டுக்கொள்ளுங்கள். இதோடு சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்களைப் பிரித்து, காய்ந்து கறுத்த கிரீஸைத் துடைத்து, உள்ளே உருளும் குண்டுகளை (பால்ஸ்) மாற்றிப் புது கிரீஸ் வைப்பதும், சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும் எங்கள் வழக்கமான வேலைக்குள் அடங்கிவிடும்.

கம்பெனி கொடுத்ததை மாற்றினால் வண்டி கெட்டுப்போகாதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மவுன்டன் பைக் பிறந்ததே பழைய சைக்கிளை மாற்றிக் கட்டியதில்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் என்ற மாவட்டத்தில், 1930, 40-களின் ஷ்வின் கம்பெனியின் கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து இளைஞர்கள் மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976-இல் அங்கே பந்தயமே தொடங்கிவிட்டது. ஹப்புக்குள்ளேயே இருந்த பின்சக்கர பிரேக் சூடேறி அங்கிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும்; ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் புது கிரீஸ் வைப்பார்கள். பிறகு கியரும் நல்ல பிரேக்கும் பொருத்தினார்கள். கம்பெனிகள் அதைப் பெருமளவில் செய்து விற்றது 1981-க்குப் பிறகுதான். தங்கள் ஊர்ப் பாதைக்கு ஏற்றபடி அவர்கள் மாற்றினார்கள், நம் ஊர்ப் பாதைக்கு ஏற்றபடி நாம் மாற்றுகிறோம்.

நாங்கள் செய்யாத வேலைகளும் உண்டு. பின்னால் ஸ்பிரிங் வைத்து இரண்டாக மடங்கும் ஃபிரேமை எடுத்துக்கொள்வதில்லை. கேரியரை உறுதியாகப் பொருத்த அதில் இடமில்லை. மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஸ்பிரிங் அமுங்கிப் பலத்தைத் தின்னும். முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் சாதாரண ஃபோர்க் மாற்றலாம். ஆனால் அச்சிலிருந்து மேல்முனைவரை பழையதற்கு இணையான நீளத்தில் கிடைத்தால்தான் மாற்றுவோம். குட்டையான ஃபோர்க் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் லேசாகத் தொட்டாலே திரும்பிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் முறை டயர், பிரேக், சீட் உயரம் ஆகியவற்றைச் சரிசெய்துகொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கை வலித்தால் ஹேண்டில்பாருக்கு வாருங்கள், வலிக்காவிட்டால் அந்தச் செலவு வேண்டாம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் ஆகியவற்றை அவரவர் தேவையைப் பார்த்துச் சேர்க்கலாம். வேட்டி, சேலை கட்டி ஓட்டுகிறவர்களுக்குச் செயின் கவர் கட்டாயம். வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஆகும் தொகையைத் தாளில் எழுதித் தருவோம். கழற்றிய சாமான்களைச் சாக்கில் கட்டி உங்களிடமே ஒப்படைப்போம்.

சைக்கிளை யார் கொண்டுவந்து விட்டாலும், ஓட்டப்போகிறவர் ஒருமுறை நேரில் வர வேண்டும். சீட்டையும் ஹேண்டிலையும் அவரை உட்காரவைத்துத்தான் நிறுத்த முடியும். தினமும் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள். உயரத்தில் அதுவும் கணக்கு.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடை,
உறையூர், திருச்சி